காப்பணிக்கு முதல்வர் யாவர்?

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை. திடலிற் சடுகுடு ஆடிக் களைத்த மாணாக்கர் பதின்மர் வேப்பமரத்தடியில் அமர்ந்து வழக்காடத் தொடங்கினர். வழக்கின் பொருள் இது: பாடி வருவோனைப் பிடிக்கும் காப்பணியை வகுத்து நடத்தியவருள் தலைசிறந்தவர் யாவர்? ஒருவர் ஈரான் நாட்டு ஃபாசல் அத்ராச்சலி என்றார். மற்றொருவர் மஞ்சீத் சில்லர் என்றார். ஆசிரியர் ஒருவர், நாசிக் நகரத்துச் சைலஜா ஜெயின் அம்மையாரை மறந்து பேசுவது முறையோ என்று இடைமறித்தார். அவ்வழியே வந்த பழைய மாணவர் ஒருவர் சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு, “தம்பிகளே, நம் தஞ்சை மண்ணிற் பிறந்த சேரலாதனை ஏன் விட்டீர்கள்?” என்றார். உடனே ஓர் இளைஞர், “ஐயா, அவர் மொத்தம் எத்தனை புள்ளி எடுத்திருக்கிறார்?” என்று வினவினார். பழைய மாணவர் விடை கூறினாரல்லர். விடுதி மணி அடித்தது, அவை கலைந்தது.

அவ்வினா எம்மை விட்டகலவில்லை. வினவிய இளைஞர் குறும்புக்காக வினவினாரல்லர். புள்ளிக் கணக்கையன்றி வேறு அளவுகோல் ஒன்று உண்டென்பதை அவருக்கு எவரும் சொல்லியிராத காரணத்தால் வினவினார். அவர் வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். எம் கருத்தை மறுப்போர் பலர் இருப்பரென்பதை அறிவோம். மறுப்பை அடுத்த மலரில் எழுதுவாராயின் மகிழ்வோம்.

முதற்கண் பொருளை வரையறுத்துக் கொள்வோம். சடுகுடுவில் ஓர் அணிக்கு எழுவர் களத்தில் நிற்பர். ஆடவர்க்குரிய களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பாடி வருவோனுக்கு 30 விநாடி. அவன் ஒருவன், எதிரில் நிற்போர் எழுவர். கணக்கறியாதார் இதனைக் கண்டு, எழுவர்க்கு எதிரே ஒருவன் செல்வது எத்துணை வீரம் என்று வியப்பர். வீரமே, ஐயமில்லை. ஆயினும் அவ்வொருவன் தன் உடலொன்றையே ஆளவேண்டும். எதிரில் நிற்கும் எழுவரோ பதினான்கு கால்களையும் பதினான்கு கைகளையும் ஒரே எண்ணத்தால் இயக்கவேண்டும். மூலையில் நிற்போனைக் கார்னர் என்றும், காப்பணியின் இடைப்பகுதியில் நின்று வழிமறிப்போனைக் கவர் என்றும் இன்று திடலில் வழங்குகின்றனர். கார்னர் ஒருவன் கணுக்காலைப் பற்றுகிறான் எனக் கொள்வோம். அக்கணமே கவர் குறுக்கே பாய்ந்து நடுக்கோட்டுக்குச் செல்லும் வழியை அடைத்தல் வேண்டும். இவன் அரைக்கணம் பிந்தினால், பற்றியவன் இழுபட்டுச் செல்ல, பாடி வந்தவன் கோட்டைத் தொட்டுவிடுவான். கவர் முந்திப் பாய்ந்துவிட்டாலோ, கார்னர் இன்னும் காலைப் பற்றவில்லை. பாய்ந்தவனைத் தொட்டு விலகி அவன் ஓடிவிடுவான். மூவர் சேர்ந்து தவறினால் மூவரும் வெளியேறுவர். ஆகவே காப்பணியின் உயிர் வலிமையில் இல்லை. ஒத்த காலத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தை எழுவர்க்கும் வகுத்துத் தருவோனையே யாம் இங்குக் காப்பணியின் தலைவன் என்கின்றோம். அவன் களத்தில் நிற்கும் ஆட்டக்காரனாகவும் இருக்கலாம்; களத்திற்கு வெளியே அமர்ந்திருக்கும் பயிற்றுநராகவும் இருக்கலாம்.

நம் ஆற்றுப்பாசன நாட்டார்க்கு இதனை விளக்க வேறு உவமை தேடவேண்டுவதில்லை. பாமணியாற்றில் வெள்ளம் வந்த இரவில் கரையைக் காப்போர் பலர். கரை ஒரு கல் தொலைவுக்கு உறுதியாக இருந்தும் ஓரிடத்தில் நண்டு வளை ஒன்று இருந்தால் போதும். உறுதியான கரை முழுதும் வீண். அவ்விரவில் மண்வெட்டியுடன் ஓங்கி ஒரு வெட்டு வெட்டுவோன் கண்ணுக்குத் தெரிவான். எவ்விடத்தில் மண் இளகுகிறது என்று நடந்து பார்த்து, “இங்கே இருவர் வாருங்கள், அங்கே ஒருவர் போதும்” என்று குரல் கொடுப்போன் கண்ணுக்குத் தெரியான். மறுநாட் காலையிற் பயிர் நிற்பது அவனால்.

இத்தகையோனுக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் தனிப் பதவியே உண்டு. ஆங்கு ஆடப்பெறும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. தாக்கும் அணி வேறு, காக்கும் அணி வேறு. தலைமைப் பயிற்றுநர்க்குக் கீழே காக்கும் அணியை மட்டும் வகுத்து நடத்த ஒருவரை நியமிப்பர். வர்ஜீனியா டெக் என்னும் பல்கலைக்கழகத்தில் பட் ஃபாஸ்டர் என்பார் 1995 முதல் 2019 வரை அப்பதவியில் இருந்தார். அவருடைய அணிக்குச் சின்னமாக விளங்கியது தொழிலாளர் வேலைக்கு எடுத்துச் செல்லும் ஒரு பழைய தகரச் சோற்றுப் பெட்டி. வெற்றிக் கோப்பையன்று, பொற்பதக்கமன்று, சோற்றுப் பெட்டி! காப்பது அன்றாட உழைப்பு என்பதை இதனினும் நன்றாக எவரும் உணர்த்தியிரார். அக்கல்லூரிகளின் பழைய மாணவர், தம் காப்பணியை நடத்தியவருள் சிறந்தவர் யாவரென்று ஆண்டுதோறும் வழக்காடுவது உண்டு. நம்மிடையே அப்பதவிக்குப் பெயரும் இல்லை. வழக்கும் இப்பொழுதுதான் பிறந்திருக்கிறது.

நிற்க. வழக்கைத் தீர்க்க அளவுகோல் வேண்டும். யாம் மூன்றினைக் கொள்கின்றோம். முதலாவது, அவர் பக்கத்தில் நின்றவர், அல்லது அவரிடம் பயின்றவர், அவரால் மேம்பட்டனரா? இரண்டாவது, தோழர் மாறிய பின்னும், ஊர் மாறிய பின்னும், வயது ஏறிய பின்னும் அவருடைய காப்பு நின்றதா? மூன்றாவது, தலைமைப் பட்டம் தம் கையில் இல்லாதபோதும் அவர் அதே வேலையைச் செய்தாரா? புள்ளிக் கணக்கை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்க்கு ஒன்று சொல்வோம். ஒருவனைப் பிடித்ததற்குரிய புள்ளி, பட்டியலில் ஒருவர் பெயரிலேயே ஏறுகிறது. அவனைப் பிடித்தவரோ நால்வர், ஐவர். “இம்முறை இடப்பக்கம் திருப்பிவிடு” என்று முன்னரே சொன்னவர்க்குப் பட்டியலில் இடமே இல்லை. இல்லாத கணக்கைக் கொண்டு இருப்பதை அளப்பது எங்ஙனம்?

இனி ஒவ்வொருவராக நோக்குவோம்.

ஃபாசல் அத்ராச்சலியின் உரிமை பெரிது. 2014-இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டிகளில் பிடிப்புப் புள்ளி 500-ஐ முதலிற் கடந்தவர் அவரே. இடப்பக்கக் கார்னரில் அவர் நின்றால் பாடி வருவோர் வலப்பக்கமே நாடுவர். 2015-இல் மும்பை அணியிலும், 2016-இல் பாட்னா அணியிலும், 2025-இல் தில்லி அணியிலும் இருந்து கோப்பை கண்டவர். மேலும், ஆசிய விளையாட்டு விழாவில் 1990 முதல் 2014 வரை ஏழு முறையும் ஆடவர் பொற்பதக்கத்தைப் பிறர்க்கு விடாத இந்திய அணியை, 2018-இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் 27-க்கு 18 என்ற கணக்கில் வென்ற ஈரான் அணியிலும் அவர் இருந்தார். இந்தியாவின் புகழ்பெற்ற பாடகரெல்லாம் அன்று 18 புள்ளியோடு நின்றனர் என்பது காப்பின் வலிமைக்குச் சான்று. அவர் பிடிவீரருள் முதல்வர் என்று ஒருவர் சொன்னால் யாம் தலைவணங்கி ஒப்புவோம்.

மஞ்சீத் சில்லர் 2015-இல் அர்ஜுனா விருது பெற்றவர். பிடிப்போர் பட்டியலில் நெடுநாள் முன்னின்றவர். 2016-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியினர். அவர் ஆற்றலைக் குறைத்துக் கூறுவார் எவருமிலர். ஆயினும் அவர் 2018-இலும் 2019-இலும் நம் தமிழ் தலைவாஸ் அணியில் ஆடியபோது நிகழ்ந்ததை நினைவு கூர்தல் வேண்டும். இதில் அவரைக் குறை கூறுவது எம் கருத்தன்று. தனி ஒருவரின் திறம் எங்கே முடிவடைகிறது என்பதைக் காட்டுவதே கருத்து.

அவ்வணியின் வரலாறு இவ்வழக்கிற்கு நல்ல பாடம். 2017-இல் முதன்முதல் களமிறங்கிய ஆண்டில் அஜய் தாக்கூர் தலைவர். அணி தன் பிரிவிற் கடைசியாக நின்றது. 2018-இல் மஞ்சீத் சில்லரும் ஜஸ்வீர் சிங்கும் வந்து சேர்ந்தனர். மீண்டும் பிரிவிற் கடைசி. 2019-இல் ராகுல் சௌத்ரியும் மோஹித் சில்லரும் வந்தனர். பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாவது இடம். மூன்றாண்டும் பேர் பெற்ற வீரருக்குக் குறைவில்லை, வெற்றிக்கே குறைவு. பின்னர் 2022-இல் பவன் சேராவத் என்னும் பெரும் பாடகரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தனர். அன்றுவரை எவருக்கும் கொடுக்கப்படாத விலை அது. முதல் ஆட்டத்திலேயே அவர் காலில் அடிபட்டு விலக நேர்ந்தது. இனி இவ்வணிக்கு வாழ்வில்லை என்று பலரும் கைவிட்டனர். நடந்தது வேறு. சாகர் ராத்தி, சாஹில் குலியா முதலிய இளைஞர் கொண்ட காப்பணியை அமைத்து, இடையிற் பொறுப்பேற்ற பயிற்றுநர் அஷன் குமார் அவ்வணியை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டு சென்றார். அங்கே புனே அணியிடம் 39-க்கு 37 என்று இரண்டே புள்ளியில் தோற்றனர். நரேந்தர் என்னும் இளம் பாடகர் அவ்வாண்டு நன்கு பாடினார் என்பது மெய், அதனை மறைக்கமாட்டோம். ஆயினும் மிகப் பெரிய விலையுள்ள பாடகர் இருந்தும் வராத வெற்றி, அவர் இல்லாதபோது வந்தது எதனால் என்று சிந்திப்பார்க்கு விடை தானே தோன்றும். அஷன் குமார் அவ்வொரு பருவத்திற்காகவே இப்பட்டியலில் இடம்பெறத் தக்கவர். ஆனால் ஒரு பருவத்தைக் கொண்டு முதலிடம் கொடுப்பது நெடுங்காலம் உழைத்தவர்க்கு நீதியாகாது.

சைலஜா ஜெயின் அம்மையாரை முன்மொழிந்த ஆசிரியரின் வாதமே எம்மைப் பெரிதும் தடுமாறச் செய்தது. இவ்வம்மையார் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவர். ஈரான் மகளிர் அணிக்குப் பயிற்றுநராகச் சென்றார். மொழி வேறு, உணவு வேறு, ஆட்ட மரபு வேறு. அம்மகளிரோடு பேசுதற்கென்று பாரசீக மொழியைக் கற்றார். மூச்சுப் பயிற்சியையும் யோகாசனத்தையும் அவர்களுக்குக் கற்பித்தார். 2018-இல் ஜகார்த்தாவில் அவருடைய அணி இந்திய மகளிர் அணியை இறுதியாட்டத்தில் 27-க்கு 24 என்ற கணக்கில் வென்று பொற்பதக்கம் பெற்றது. தாம் பிறந்த நாட்டின் அணியைத் தாம் வளர்த்த அணி வெல்லக் கண்ட ஆசிரியரின் உள்ளம் அன்று எந்நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றோம். ஓர் அணியை அடியிலிருந்து எடுத்து உயர்த்திய பயிற்றுநர் என்ற வகையில் அவர்க்கு ஈடு சொல்வது அரிது. ஆயினும் அவர் செய்தது முழு அணியின் ஆக்கம். பாடுவோரும் பிடிப்போரும் ஒருங்கே அவர் கைப்பட்டனர். நம் வழக்கோ காப்பணி ஒன்றைப் பற்றியது. இந்நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே அவரை முதலிடத்தினின்று விலக்குகின்றோம். மனநிறைவோடு விலக்கினோம் என்று சொல்லமாட்டோம்.

இனித் தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் தோன்றியவர். சேர வேந்தரின் பெயரைப் பூண்டிருந்தும் சோழ நாட்டின் பிள்ளை. புரோ கபடி தொடங்கியபொழுதே அவர் நாற்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்தார். பிறர் ஆட்டத்தை விட்டு வீடு திரும்பும் வயதில் அவர் வலப்பக்கக் கார்னரில் வந்து நின்றார். அரியானாவினின்று வந்தோரும், மராட்டியரும், ஈரானியரும் அவரை ‘அண்ணா’ என்றே அழைத்தனர். தமிழறியாதார் நாவில் ஏறிய அத்தமிழ்ச் சொல் வெறும் மரியாதைச் சொல்லன்று. களத்தில் எவர் சொற்படி நடக்கவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயம் இல்லை என்பதன் அடையாளம் அது.

எம் முதல் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். 2016-இல் நடந்த நான்காம் பருவத்தில் பாட்னா அணிக்கு அவர் தலைவர். அவ்வணியின் மற்றொரு மூலையில் நின்றவர் ஃபாசல் அத்ராச்சலி. மாணாக்கர் முதல்வர் என்று மொழிந்த அதே ஃபாசல்தான்! இறுதியாட்டத்தில் பாட்னா ஜெய்ப்பூரை 37-க்கு 29 என்று வென்றது. அவ்வாட்டத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பிரதீப் நர்வால் எடுத்த 16 புள்ளியைச் சொல்வர், சொல்லத்தக்கதே. எதிரணியை 29-இல் நிறுத்தியது எவர் என்று எவரும் கேட்பதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 34-க்கு 32 என்று தோற்றது. இறுதியாட்டத்தில் ஈரானுக்கு எதிராக முற்பாதி முடிவில் 13-க்கு 18 என்று பின்தங்கியது. முடிவில் 38-க்கு 29 என்று வென்றது. கணக்கைக் கூர்ந்து நோக்குக: முற்பாதியில் 18 புள்ளி எடுத்த ஈரான் பிற்பாதியில் எடுத்தது 11 மட்டுமே. அஜய் தாக்கூரின் பாட்டை நாடு கொண்டாடியது. அடைக்கப்பட்ட மடையைக் கொண்டாடியவர் எத்துணையர்? அவ்வடைப்பு சேரலாதன் ஒருவரின் வேலை என்று யாம் கூறவில்லை. மஞ்சீத், மோஹித், சுரேந்தர் நாடா முதலியோரும் அவ்வணியில் இருந்தனர். அவ்வணியின் மூத்தோர் அவர் என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

இரண்டாம் அளவுகோல்: காலமும் இடமும் மாறிய பின்னும் நிற்றல். பாட்னாவினின்று புனே, புனேயினின்று மும்பை, மும்பையினின்று அரியானா என்று ஆண்டுதோறும் அணி மாறினார். 2018-இல் அவர் ஆடிய மும்பை அணியும், 2019-இல் அவர் தலைமை தாங்கிய அரியானா அணியும் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றன. 2019-இல் அவருக்கு வயது நாற்பதினும் மிக்கது. உடன் ஆடியவரிற் பலர் இருபதைச் சற்றே கடந்தவர். அவர்களுடைய கால்வேகம் அவரிடம் இல்லை. பாடி வருவோன் எங்கே காலை நீட்டுவான் என்பதை அவன் நீட்டுமுன் அறிந்திருந்தமையால் வேகம் தேவைப்படவில்லை.

மூன்றாம் அளவுகோலே எம் தீர்ப்பை முடிவு செய்தது. 2016-இல் சேரலாதன் தலைவர், ஃபாசல் தொண்டர் என்று கண்டோம். 2018-இல் மும்பை அணியில் ஃபாசல் தலைவர்; சேரலாதன் தொண்டர். தம்மினும் பல்லாண்டு இளையவர், தம் தலைமையில் ஆடியவர், இப்பொழுது தலைவர். பலர் இதனைத் தாழ்வாகக் கருதி விலகியிருப்பர். அவர் அதே வலப்பக்க மூலையிற் சென்று நின்றார். அதே வேலையைச் செய்தார். அவ்வாண்டு ஃபாசல் சிறந்த பிடிவீரருள் ஒருவராக விளங்கியதற்கு, எதிர் மூலையைப் பற்றிய கவலை அவர்க்கு இல்லாதிருந்ததும் ஒரு காரணம் என்பது எம் துணிபு. பட்டம் இருந்தால் நடத்துவதும், பட்டம் போனால் ஒதுங்குவதும் பதவியின் குணம். இரண்டிலும் ஒன்றே போல் நிற்பது தலைமையின் குணம்.

மறுப்புகளையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். மொத்தப் புள்ளியில் சேரலாதன் ஃபாசலுக்கு மிகவும் பிற்பட்டவர். அவருடைய இளமைக் காலத்து ஆட்டங்களைத் தொலைக்காட்சி காட்டவில்லை. ஆதலின் அவற்றைக் கொண்டு வாதிட இயலாது. 2024-இல் தமிழ் தலைவாஸ் அணிக்கு உதயகுமாருடன் பயிற்சிப் பொறுப்பேற்றபோது அணி இறுதிச் சுற்றுகளை எட்டவில்லை. களத்தில் நின்று நடத்தும் திறம் வெளியிலிருந்து கற்பிக்கும் திறமாக உடனே மாறிவிடாது என்பதை அது காட்டுகிறது. நம் மண்ணினர் என்பதால் நாம் சாய்கின்றோம் என்றும் சிலர் கூறுவர். அச்சாய்வு எமக்கு இல்லை என்று ஆணையிடமாட்டோம். ஆனால் சாய்வை நீக்கி எண்ணிப் பார்த்தாலும், பிறரைச் சிறக்கச் செய்தல், மாறியும் நிற்றல், பட்டமின்றியும் நடத்துதல் ஆகிய மூன்றிலும் ஒருங்கே தேறியவர் வேறொருவர் எம் கண்ணுக்குப் படவில்லை. ஆகவே பிடிவீரருள் முதல்வர் ஃபாசல். காப்பணியை நடத்தியவருள் முதல்வர் சேரலாதன். இதுவே எம் தீர்ப்பு.

இது திடலோரத்துப் பொழுதுபோக்கு வழக்கன்றோ, இதற்கு இத்துணைப் பக்கம் வேண்டுமோ என்று கேட்பார்க்கு இனி விடை கூறுவோம். மன்னார்குடியினின்று தஞ்சைக்குச் செல்லும் சாலையில் வடுவூர் இருக்கிறது. வெளியூரார்க்கு அது பறவைகள் வந்து தங்கும் ஏரியால் தெரிந்த ஊர். நமக்குச் சடுகுடுவாலும் தெரிந்த ஊர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டு விழாவில் ஈரானை 35-க்கு 32 என்று வென்று பொற்பதக்கம் பெற்ற இந்திய அணியில் அவ்வூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். அவர்க்குத் தமிழ்நாட்டரசு 25 லட்சம் ரூபாய் வழங்கியது. அச்செய்தி வந்த நாள்முதல் நம் சுற்றூர்களில் திடலுக்கு வரும் சிறுவர் தொகை பெருகியிருப்பதைக் காண்கின்றோம். நல்லதே. வயலொன்றை நம்பி வாழமுடியாத குடும்பங்களில், காவல்துறையிலோ இரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைப்பது ஒரு தலைமுறையின் வறுமையைத் தீர்ப்பது. ஆனால் வருகின்ற சிறுவர் பதின்மருள் எண்மர் பாடவே விரும்புகின்றனர். மூலையில் நில் என்றால் முகம் சுருங்குகிறது. ஏன்? ஊர்ப்பந்தயத்தில் ஒலிபெருக்கி முழங்குவது பாடியவன் பெயரை. மறுநாள் கைப்பேசியில் சுற்றிவரும் படம் பாடியவன் படம். பிடிப்பவருக்கும் பரிசு உண்டெனினும் அதுவும் புள்ளி எண்ணியே கொடுக்கப்படுகிறது. எழுவரை இணைத்து நிற்கச் செய்த சிறுவன் வெறுங்கையோடு வீடு செல்கிறான். அடுத்த ஆண்டு அவனும் பாட முயல்வான். பாட்டில் அவன் நடுத்தரத்தவன். அதற்கடுத்த ஆண்டு திடலுக்கே வரமாட்டான். இவ்வாறு நாம் இழந்த சேரலாதர் எத்துணைபேர்?

இக்குறையை நம் கல்லூரியளவிலேனும் தீர்க்கலாம். ஆண்டு விளையாட்டு விழாவிற் சடுகுடுவுக்கென்று பரிசொன்றைப் புதிதாக ஏற்படுத்துதல் வேண்டும். அதனைப் பெறுவோனைப் புள்ளிப் பட்டியலைக் கொண்டு தெரிவு செய்தல் ஆகாது. நடுவரும் தெரிவு செய்தல் வேண்டா. எதிரணியிற் பாடி வந்தவரை ஆட்டம் முடிந்தபின் தனித்தனியே அழைத்து ஒரே ஒரு வினா வினவுக: “எவன் அங்கு நிற்பதால் நீ போகநினைத்த வழியை மாற்றினாய்?” பாடி வருவோன் பொய் சொல்லான், தன்னை எவன் அச்சுறுத்தினான், எவன் குரல் கேட்டவுடன் எழுவரும் ஒருங்கே அசைந்தனர் என்பதை அவனினும் நன்றாக அறிந்தவர் எவருமிலர். மிகுதியான வாக்குப் பெற்றவனுக்குப் பரிசு. பொருள் சிறிதாயினும் ஆகுக. பழைய மாணவர் சிலர் மனம்வைத்தால் எளிதில் நடைபெறும். சான்றிதழில் ‘காப்பணியை நடத்தியவன்’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். நாளை வேலைக்கென்று அவன் ஒரு தெரிவுக் குழுவின் முன் நிற்கும்போது, எண்ணில் அடங்காத அவன் உழைப்புக்கு அவ்வோர் எழுத்தேனும் சான்றாகட்டும்.

வேப்பமரத்தடியில் வினவிய இளைஞருக்கு இனி விடை கூறலாம். தம்பி, சேரலாதன் எடுத்த புள்ளி பட்டியலிற் கிடைக்கும், நீயே பார்த்துக்கொள்ளலாம். எதிரணி எடுக்க எண்ணி எடுக்கமுடியாமற் போன புள்ளி எத்தனை என்று எழுதிவைத்தார் எவருமிலர். நீ கேட்டிருக்க வேண்டியது அதனை. மாலையில் திடலுக்கு வரும்போது ஒருநாள் பாடுவதை விட்டு மூலையில் நின்று பார். பக்கத்தில் நிற்பவன் கையைப் பற்றிக்கொள். அவன் எப்பொழுது அசைவான் என்பது உனக்கும், நீ எப்பொழுது அசைவாய் என்பது அவனுக்கும் தெரிய எத்தனை மாலைகள் ஆகின்றன என்று எண்ணிக்கொண்டு வா. பின்னர் வழக்கைத் தொடர்வோம்.